இரவல் சொல்லும் உண்மை இருதயமும்: இரட்சணிய யாத்திரிகத்தை மறுபடி வாசித்தபோது

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்ட குறிப்பு இது. தூண்டிவிட்டது ஒரு நண்பர். பழைய தமிழ் நூல்களைத் தேடித்தேடிப் படிக்கிறவர், வைணவ இலக்கியத்தில் நல்ல பழக்கம் உள்ளவர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பேச்சு வந்ததும் சிரித்துவிட்டு இப்படிச் சொன்னார்: "சட்டை கம்பனுது, உள்ளே போட்டிருக்கிற பனியன் ஜான் பன்யனுது. ரெண்டையும் கழட்டிட்டா அந்த மனுஷனோட சொந்த உடம்பு எங்கய்யா இருக்கு?"

நானும் சிரித்தேன். நல்ல கிண்டல்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது மனசை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் இது கவிதை நல்லதா இல்லையா என்கிற கேள்வி மட்டும் இல்லை. கிறிஸ்துவை உண்மையான இருதயத்தோடு அறிய வேண்டும் என்று ஒருத்தர் முப்பது நாற்பது வருஷம் ஏங்கி, அந்த ஏக்கத்தை மூவாயிரத்துச் சொச்சம் விருத்தங்களாக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் சொல் எல்லாம் பிறருடையது என்றால், ஏக்கமும் பிறருடையதா? நண்பர் கேட்டது அதைத்தான். அதனால் இரட்சணிய யாத்திரிகத்தை மறுபடி எடுத்தேன். முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சில படலங்களில் தூங்கிப் போனேன்; சிலவற்றை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம், தெரியாதவர்களுக்காக. 1827இல் நெல்லைப் பக்கத்துக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணம் அவருக்குப் பாடப்புத்தகம் இல்லை, வீட்டு நூல். நம்மாழ்வார் பிறந்த குருகூரும் அதே தாமிரபரணிக் கரைதான் என்பதை மறக்கக்கூடாது. 1850களில் சாயர்புரத்தில், ஜி. யு. போப் தொடங்கிய கிறிஸ்தவக் கல்விச்சாலையில், தமிழாசிரியராகச் சேர்ந்தார். சேர்ந்தபோது அவர் நெற்றியில் நாமம் போட்ட வைணவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். உடன்பிறந்த முத்தையா பிள்ளை அதற்கு முன்பே மாறியிருந்தார். இரட்சணிய யாத்திரிகம் நூலாக வந்தது 1894இல். நடுவில் 36 வருஷம். வெளிவரும்போது அவருக்கு வயது 67. ஆறு வருஷம் கழித்து, 1900இல், இறந்துபோனார். மதம் மாறின சூட்டில் எழுதின நூல் இல்லை இது.

நூலின் அளவையும் சொல்லிவிடுகிறேன். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்று ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். மூலம் ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட, தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் 'மோட்சப் பிரயாணம்' என்று அறியப்பட்ட கதை. முதுகில் பாவமூட்டையோடு ஒருவன் அழியப்போகிற ஊரைவிட்டு ஓடுகிறான். வழியில் ஆபத்துகள், துணைகள், துரோகிகள். கடைசியில் ஆற்றைக் கடந்து மோட்ச நகரம் சேர்கிறான்.

சரி, உண்மையான இருதயம் என்றால் என்ன? நாம் இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டவுடன் என்ன நினைக்கிறோம்? மனசில் உள்ளதை அப்படியே, சொந்த வார்த்தையில், ஒப்பனை இல்லாமல் சொல்வது. மனப்பாடமாகச் சொன்னால் அதில் உண்மை குறைவு, தட்டுத்தடுமாறிச் சொன்னால் உண்மை அதிகம். நண்பருடைய கிண்டலுக்கு அடியில் இருப்பது இந்த எண்ணம். எனக்கும் இருந்தது. சின்ன வயதில் எங்கள் ஆச்சி ராத்திரி படுக்கும் முன் ஜெபப் புத்தகத்தில் உள்ள பாவ அறிக்கையை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லுவாள். ஒரு நாள், "ஆச்சி, தினமும் ஒரே பாவமா செய்யுத?" என்று கேட்டு அம்மாவிடம் அடி வாங்கினேன். ஆச்சி மட்டும், "ஆமாலே, ஒரே பாவந்தான்" என்றாள். அது பதில் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பன்யனும் ஏறக்குறைய என் கட்சிதான், அல்லது நான் அவர் கட்சி. அவர் பெட்ஃபோர்ட் பக்கத்தில் பழைய பாத்திரங்களின் ஓட்டை அடைக்கிற தொழில் செய்தவர். 1660இல் கைதாகி 12 வருஷம் சிறையில் இருந்தார். அரசாங்கத் திருச்சபையின் ஒழுங்குக்கு வெளியே கூட்டம் கூட்டிப் பிரசங்கம் செய்ததுதான் குற்றம். அந்தத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்தை அவர் ஏற்கவே இல்லை. அச்சடித்த ஜெபத்தை வாசிப்பது ஜெபம் ஆகாது, ஆவியானவர் உள்ளிருந்து எழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம். அதற்காகத் தனியே ஒரு நூலும் எழுதினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த ஜெபப் புத்தகத்தை மறுத்து பன்யன் சிறை போனாரோ, அதையே தமிழில் வைத்து ஆராதித்த ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர் கிருஷ்ணபிள்ளை. எங்கள் ஆச்சியின் புத்தகமும் அதன் வழி வந்ததுதான்.

ஆனால் மோட்சப் பிரயாணத்தைக் கொஞ்சம் கவனமாகப் படித்தால், பன்யன் தன் கட்சிக்குள்ளேயே இடறி விழுகிற இடம் ஒன்று உண்டு. மயக்க நிலத்தைக் கடக்கும்போது தூக்கம் வராமல் இருக்க இரண்டு பிரயாணிகளும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். நம்பிக்கை என்கிற பெயருள்ள துணைவன், தான் எப்படிக் கிறிஸ்துவை அறிந்தேன் என்று சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை முழு நூலிலும் மிக நேர்மையான பகுதி இது. அவனுக்கு ஜெபிக்கத் தெரியாது. விசுவாசியான நண்பன் ஒருவனிடம் போய் என்ன சொல்லி ஜெபிப்பது என்று கேட்கிறான். நண்பன் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக் கொடுக்கிறான். இவன் அதையே போய்ச் சொல்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொல்கிறான். மூன்றாம் தடவை, நாலாம் தடவை, ஆறாம் தடவை, ஒன்றும் இல்லை. விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைக்கிறான். விட்டால் வேறு போக்கு இல்லை என்பதால் விடவில்லை. கடைசியில் ஒரு நாள், கண்ணால் அல்ல, அறிவின் கண்ணால் கிறிஸ்துவைக் காண்கிறான்.

சொல்லிக்கொடுத்த சொல். திரும்பத் திரும்ப அதே சொல். பன்யன் எந்த ஜெப முறையை எதிர்த்தாரோ, அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை இது. எதிர்த்தவருக்கே வேறு வழி தெரியவில்லை. ஜெபிக்கத் தெரியாதவன் எங்கிருந்து சொல் எடுப்பான்?

அதே நூலில் நேர் எதிரான ஆள் ஒருவனும் வருகிறான். பெயர் அறியாமை. குறுக்கு வழியாகப் பாதையில் வந்து சேர்ந்த, துடிப்பான பையன். தன் இருதயம் நல்லது, தன் இருதயமே தனக்குச் சாட்சி என்கிறான். அவன் பொய்யன் இல்லை. வேஷம் போடவில்லை. மனசில் பட்டதை அப்படியே சொல்கிறான். நம் இன்றைய அளவுகோலில் அவன்தான் நூலிலேயே மிக உண்மையான ஆள். ஆனால் மோட்ச வாசல் வரை வந்தவனைக் கட்டித் தூக்கி நரகத்துக்குப் போகிற கதவில் தள்ளிவிடுகிறார் பன்யன். அதுவும் நூலின் கடைசிக் காட்சியாக. எனக்கு அது கொடுமையாகத்தான் படுகிறது, இன்றும். ஆனால் அவர் சொல்ல வருவது புரிகிறது. தன் இருதயத்தைத் தானே பார்த்துத் திருப்திப்படுவது கிறிஸ்துவை அறிவது ஆகாது. ஆசை வெளியே ஒருவரை நோக்கிப் போக வேண்டும். உள்ளேயே சுற்றினால் அது தன்னை அறிகிற ஆசை.

இப்போது கிருஷ்ணபிள்ளைக்கு வரலாம். அவர் பன்யனை எங்கே விசுவாசமாகப் பின்பற்றுகிறாரோ அங்கே எல்லாம் சோர்ந்துபோகிறார் என்பது என் கருத்து. காரணம் சுலபம். பன்யனுடைய பலம் கடைத்தெருப் பேச்சு. அவருடைய தந்திரக்காரர்கள், தயங்குகிறவர்கள், வாயாடிகள் எல்லாரும் பெட்ஃபோர்ட் சந்தையில் அவர் பார்த்த முகங்கள். காரியவாதி ஒருவன் வருகிறான். தன் குடும்பப் பெருமையைச் சொல்லும்போது, எங்கள் பூட்டன் படகோட்டி, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே எதிர்ப்பக்கம் துடுப்புப் போடுகிறவர் என்று வெட்கமே இல்லாமல் சொல்கிறான். வெயில் அடிக்கும்போது, ஜனங்கள் கைதட்டும்போது மட்டும் பக்தியோடு நடக்கிறவன். இந்த நக்கலை எண்சீர் விருத்தத்தில் போட்டால் என்ன ஆகும்? கம்பனின் சந்தம் யானை நடை நடக்கும். படகோட்டி பூட்டனை யானை மேல் ஏற்றினால் அவன் ராஜா மாதிரி தெரிவான், நக்கல் செத்துப்போகும். உருவகப் பெயர்களும் அப்படியே. ஆங்கிலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் பட்டப்பெயர் மாதிரி ஒலிப்பவை தமிழில் தத்துவச் சொற்கள் ஆகிவிடுகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் நண்பர் சொன்னது சரி. சட்டை தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

ஆனால் பன்யனிடம் பெரிய காலியிடம் ஒன்று உண்டு. கிறிஸ்துவைத் தேடிப் போகிற கதை இது. கதைக்குள் கிறிஸ்து நேரில் வருவதே இல்லை. யோசித்துப் பாருங்கள். பிரயாணி ஒரு மேட்டுக்கு வருகிறான், அங்கே ஒரு சிலுவை நிற்கிறது, பாரம் தானாக அவிழ்ந்து உருண்டு கீழே உள்ள கல்லறைக் குழிக்குள் விழுந்து மறைகிறது. சிலுவையில் யாரும் இல்லை. பிரகாசமான மூன்று பேர் வந்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். வேறு துணைவன் ஒருவன் தான் அடிபட்டுக் கிடந்தபோது ஒருவர் வந்து தடுத்தார், கையிலும் விலாவிலும் காயத் தழும்பு பார்த்தேன் என்று பின்னால் சொல்லக் கேட்கிறோம். நம்பிக்கை சொன்னது இன்னொன்று. எல்லாம் மற்றவர்கள் சொல்லக் கேட்டது. கதாநாயகன் நடக்கும் வழியில் அவர் முகத்தைக் காட்ட பன்யனுக்கு மனசு வரவில்லை, அல்லது பயம். பியூரிட்டன் வழியில் வந்தவருக்கு உருவம் என்றாலே ஒரு கூச்சம் இருந்திருக்கும்.

கிருஷ்ணபிள்ளைக்கு அந்தக் கூச்சம் இல்லை. உருவத்தைப் பாடிப்பாடியே வளர்ந்த மரபு அவருடையது. குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலம் என்று ஒன்று வைத்து, கிறிஸ்துவின் பாடுகளை அங்கே விரிக்கிறார். பன்யன் காலியாக விட்ட சிலுவையில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் நம்மில் பலர் படித்தது இந்தப் படலத்திலிருந்துதான். ('பிள்ளை' போய் 'கிருட்டிணனார்' ஆகியிருந்தது அதில். இதற்குப் பிறகு வருகிறேன்.)

அந்தப் பகுதியில் ஒரு இடம். காவலர்கள் கட்டி இழுத்து, முள்முடி வைத்து, அடித்து, பரிகாசம் பண்ணுகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் புலம்புகிறார்கள். வானம் இடிந்து விழவில்லையே, பூமி வெடிக்கவில்லையே, கடல் வற்றவில்லையே, உலகம் அழியாமல் ஏன் இன்னும் தாமதிக்கிறது என்று கேட்கிறார்கள். சுவிசேஷங்களில் இந்தப் புலம்பல் இப்படி இல்லை. அழுதுகொண்டு பின்னால் போன பெண்களைப் பற்றி லூக்கா சுருக்கமாகச் சொல்கிறார், அவ்வளவுதான். இது வந்த இடம் அயோத்தி. இராமன் காட்டுக்குப் போகும்போது கம்பனில் ஊரே அழும். மனிதர்கள் மட்டுமா, பசுவும் கன்றும் அழும், அன்று பூத்த பூ அழும், நீர்ப்பறவை அழும். தமிழ் வைணவன் ஒருவனுக்குத் தன் கடவுள் துன்பப்படுவதைப் பார்க்கத் தெரிந்த விதம் அது. எருசலேமின் தெருவில் கிருஷ்ணபிள்ளை அயோத்தியின் ஜனங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

இரவலா? ஆமாம். ஆனால் என்ன மாற்றியிருக்கிறார் பாருங்கள். கம்பனில் இயற்கை அழுகிறது. இங்கே இயற்கை சும்மா இருக்கிறது. அது ஏன் சும்மா இருக்கிறது என்று மனிதர்கள் கேட்கிறார்கள். கம்பனின் பூவும் பசுவும் தரும் ஆறுதல் இங்கே கிடையாது. வானம் பாட்டுக்கு மேலே இருக்கிறது, அடி விழுந்துகொண்டிருக்கிறது. மரபு எதிர்பார்க்க வைத்ததை மரபுக்குள்ளேயே நின்று தராமல் விடுகிறார். கம்பனைக் கரைத்துக் குடித்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும். கேட்கிற காதும் கம்பனைக் கேட்ட காதாக இருந்தால்தான் அந்தக் காலி இடம் உறைக்கும். நண்பரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஒரு படலத்துக்காக மிச்சத்தை மன்னிச்சிரலாம்னு சொல்றீங்களா?" என்றார். அவரை ஜெயிக்க முடியாது.

இங்கே பவுலை இழுக்க வேண்டியிருக்கிறது. கிறிஸ்துவை அறிகிற ஆசையைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள் எல்லாரும் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்துக்குத்தான் போவார்கள். சிறையில் இருந்து எழுதியது. தன் பெருமைகளை ஒரு பட்டியல் போடுகிறார் பவுல்: எட்டாம் நாள் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயனுக்குப் பிறந்த எபிரெயன், பரிசேயன். பிறகு, கிறிஸ்துவை அறிவதற்காக அத்தனையும் நஷ்டம், குப்பை என்று தள்ளுகிறார். அறிவது என்றால் என்ன என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறார்: உயிர்த்தெழுதலின் வல்லமையை அறிவது, அவருடைய பாடுகளில் பங்குகொள்வது. பாடுகளில் பங்கு என்பதை கிருஷ்ணபிள்ளை எடுத்துக்கொண்டார், மேலே பார்த்தோம். குப்பை என்பதை எடுத்துக்கொண்டாரா? கம்பனைக் குப்பை என்று அவர் எண்ணவில்லை. ஆழ்வார் பாசுரத்தின் தொனியையும் விடவில்லை. பவுல் மட்டும் விட்டாரா என்ன? அதே பவுல் யூத வேதத்தை மேற்கோள் காட்டாமல் இரண்டு பக்கம் எழுத மாட்டார். மொழியைக் குப்பையில் போட யாராலும் முடியாது. போட்டுவிட்டு எதைக் கொண்டு பேசுவது?

ஆனால் அந்தப் பட்டியலில் பவுல் ஆரம்பத்திலேயே வைத்தது மொழி இல்லை, பிறப்பு. கோத்திரம். கிருஷ்ணபிள்ளையின் பெயரில் 'பிள்ளை' கடைசி வரை இருந்தது. அந்தக் காலத்து வழக்கம் அது, அவரை மட்டும் குறை சொல்ல முடியாது என்பார்கள். உண்மைதான். அவருக்கு முந்தின தலைமுறையில் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார், இன்றும் சபைகளில் பாடப்படுகிற உருக்கமான பாட்டுகளை எழுதினவர், கோயிலுக்குள் வேளாளக் கிறிஸ்தவர்களின் தனி இடத்தைக் காப்பாற்ற வாதாடி எழுதினார். அந்தப் பாட்டுகளில் உள்ள கண்ணீர் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாதமும் பொய் இல்லை, அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். உண்மை இருதயம் என்பதை ஒரு மந்திரக்கோல் மாதிரிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். இருதயம் முழுக்க உண்மையாக இருந்துகொண்டே கோத்திரத்தைக் கையில் இறுக்கிப் பிடித்திருக்கலாம். நெல்லைச் சீமையில் அன்று கூட்டங்கூட்டமாகக் கிறிஸ்தவம் ஏற்றவர்களில் பெரும்பாலோர் வேளாளர் அல்ல. விருத்தம் படித்துச் சுவைக்கிற வசதி அவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது? யாத்திரிகம் அவர்களுக்குக் கிடைக்காத ஒரு சொத்தை நம்பி எழுதப்பட்டது. பாடப்புத்தகம் 'பிள்ளை'யை வெட்டியதால் இந்தக் கேள்வி வெட்டுப்படவில்லை.

இதற்கு விதிவிலக்காக ஒன்று உண்டு. அவருடைய பாட்டுகள். காப்பியத்துக்கு நடுவே தேவாரம் என்ற பெயரிலேயே இசைப்பாடல்கள் வைத்திருக்கிறார். காப்பியம் அலமாரிக்குப் போய்விட்டது, பாட்டு வாயில் தங்கிவிட்டது. அவர் எழுதிய 'சத்தாய் நிஷ்களமாய்' இன்றும் சபைகளில் பாடப்படுகிறது. விருத்தம் என்றால் என்னவென்று தெரியாத எங்கள் ஆச்சிக்கு அது மனப்பாடம்.

இந்தப் பாட்டை எடுத்து வைத்துப் பார்த்தால் நண்பர் சொன்ன இரவல் உச்சத்தில் இருக்கிறது. சுந்தரர் திருமழபாடியில் பாடிய தேவாரத்தின் சந்தம் காதில் விழுகிறது. வைணவத்தில் பிறந்தவர், சைவத் தேவாரத்தின் நடையில், கிறிஸ்தவத் திரித்துவத்தைப் பாடுகிறார். அந்தத் திரித்துவத்துக்கும் சத்து, சித்து, ஆனந்தம் என்று வேதாந்தத்தின் சொல்லைக் கொடுக்கிறார். இத்தனை உயரத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே விழுந்து, தன்னை நாயடியேன் என்று சொல்லிக்கொள்கிறார். நான் எப்படிக் கடைத்தேறுவேன், உன்னை அல்லாமல் எனக்குத் துணை யார், உறவு யார் என்று கேட்கிறார்.

நாயடியேன் என்பது பழகிய சொல். தன்னை இழித்துச் சொல்வதற்கு வைணவத்தில் நைச்சியம் என்று பெயரே உண்டு. அதைச் சொன்ன ஆசாரியர்கள் பொய் சொன்னார்கள் என்று எந்த வைணவரும் நினைப்பதில்லை. அந்தப் பக்கம் பவுல் தன்னைப் பாவிகளில் பிரதான பாவி என்றார். பன்யன் தன் சுயசரிதைத் தலைப்பையே அந்த வாக்கியத்திலிருந்து எடுத்தார். பாவிகளில் முதல்வன் என்று ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் முதல்வனாக இருக்க முடியாது, கணக்குப்படி. ஆனாலும் அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டு மரபும் கிருஷ்ணபிள்ளையிடம் ஒரே சொல்லில் வந்து சேர்ந்தன. எது வைணவம், எது கிறிஸ்தவம் என்று அதைப் பிரிக்க நான் முயற்சி பண்ணிப் பார்த்தேன், பிரியவில்லை. டென்னிஸ் ஹட்ஸன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1972இல் இவருடைய மனமாற்றத்தில் உள்ள இந்து, கிறிஸ்தவ ஒப்புமைகளைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஆர்வம் உள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

எனக்கு உறைத்தது கடைசிச் சொல். உறவு. தேவாரத்திலும் பாசுரத்திலும், உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்று பாடினவர்களைச் சுற்றி ஊரும் அடியார் கூட்டமும் இருந்தது. அது பக்தியின் பேச்சு முறை. 1858இல் ஞானஸ்நானம் வாங்கிய வேளாளருக்கு அப்படி இல்லை. பந்தியில் யார் பக்கத்தில் உட்காருவார், யார் பெண் கொடுப்பார், செத்தால் யார் தோள் கொடுப்பார் என்பதெல்லாம் அன்றைக்கு நிஜமான கேள்விகள். உடன்பிறந்தவர் ஒருவர் கூட இருந்தார் என்பதால் முழுத் தனிமை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் உறவு யார் என்று அவர் பாடினபோது, ஆயிரம் வருஷமாகப் பலர் வாயில் தேய்ந்த ஒரு சொல் அவர் வாயில் திடீரென்று அதன் நேர்ப்பொருளுக்குத் திரும்பிவிட்டது. புதுச் சொல் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தால் இந்தக் கனம் வந்திருக்குமா என்று சந்தேகம்தான். பழைய சொல்லாக இருந்ததால்தான், எதை விட்டு வந்தாரோ அதுவும் அதற்குள் கேட்கிறது.

நண்பரிடம் இதையும் சொன்னேன். "பாட்டு சரி, காப்பியத்தை நான் படிக்க மாட்டேன்" என்றார். பாதி வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் என் யோசனை அதுதான்: ஆதி பருவத்திலிருந்து வரிசையாகத் தொடங்கி மூச்சு முட்ட வேண்டாம். இரட்சணிய சரிதப் படலத்தை முதலில் படியுங்கள், கம்பனின் நகர் நீங்கு படலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பிறகு தேவாரப் பாடல்கள். மிச்சம் உங்கள் பொறுமைக்கு.

ஆச்சி கடைசி மாசங்களில் பேர்களை மறந்துவிட்டாள். என்னை அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஜெபப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பாள். ஆனால் சாயங்காலம் யாராவது அந்தப் பாட்டின் முதல் சொல்லை எடுத்தால் போதும், மிச்சத்தை அவளே பாடிவிடுவாள், யார் துணை, யார் உறவு என்பது வரைக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றிருப்போம். எங்களில் ஒருத்தரையும் அவளுக்கு அடையாளம் தெரியாது.